பலகையில் ‘சாலை’ ஏன் நீளமாச்சு?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் காலை ஷிப்ட் நேரத்துக்குப் போயிருக்கீங்களா? ஆள் ஏத்துற கம்பெனி பஸ்கள் வரிசையா வரும். முன் கண்ணாடியில் ஒரு பலகை. மேலே ஆங்கிலம், கீழே தமிழ். இருட்டுல நிற்கிறவர் ரெண்டு மூணு நொடியில தன் பஸ் எதுன்னு கண்டுபிடிக்கணும். நான் பார்த்த பல பலகைகளில் ஆங்கிலம் தெளிவா இருக்கு, தமிழ் நசுங்கியிருக்கு. ஏன்?

முதல் காரணம் உயரம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே உயரம், கீழே இறங்காது. தமிழில் புள்ளியும் ‘ரீ’யின் சுழியும் மேலே போகும், ‘பு’, ‘தூ’ கீழே இறங்கும். ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்ற ஒரே பெயரில் இது எல்லாமே இருக்கு. ரெண்டு மொழிக்கும் சம உயரத்தில் இடம் கொடுத்தால் தமிழ்தான் சின்னதாகும்.

இரண்டாவது, அகலம். இதுக்கு ஒரு வரலாறு உண்டு. வீட்டில் 1978-க்கு முந்தைய புத்தகம் இருந்தா, ‘சாலை’ எப்படி அச்சாகியிருக்குன்னு பாருங்க. லகரத்தோட யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு சேர்ந்து, ‘லை’ மொத்தமும் ஒரே எழுத்தா இருக்கும். இப்படிப்பட்ட தனி வடிவங்களை விட்டுவிட்டுப் பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழை அச்சிட்டார். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அந்த மாற்றத்தை ஏற்றது. ணா, றா, னா போன்றவை ஒன்பது. ணை, லை, ளை, னை நான்கு. மொத்தம் 13 எழுத்துகள்.

அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சுக்கும் எழுத்துப் படிக்கிற குழந்தைக்கும் இதனால் லாபம்தான். ஆனா ‘லை’ இப்போ ரெண்டு துண்டு. சென்னை, சாலை, தொழிற்சாலை, வேலை... இந்தப் பக்கத்துப் பலகைகளில் அடிக்கடி வர்ற சொற்கள் எல்லாம் கொஞ்சம் நீண்டுபோச்சு.

நீளமான சொல்லைக் குறுகின இடத்துல எப்படி எழுதுறது? கை தேர்ந்த பலகை ஓவியர் கோட்டின் பருமனை மாத்தாம எழுத்தை மட்டும் ஒடுக்குவார். கம்ப்யூட்டர்ல நாம ஓரத்தைப் பிடிச்சு மவுஸால உள்ளே தள்ளுறோம். செங்குத்துக் கோடு மெலியும், படுக்கைக் கோடு தடியாவே நிற்கும், சுழிகள் அடைபடும். தள்ளி நின்னு பார்த்தா ‘ண’வும் ‘ன’வும் ஒண்ணுதான்.

மும்பையின் ‘ஏக் டைப்’ 2022-இல் வெளியிட்ட ‘அனேக்’ எனக்கு முக்கியமாத் தெரியிறது இங்கேதான். பெயருக்குப் பொருள் ‘பல’, நம்ம ‘அநேகம்’. ஒன்பது இந்திய எழுத்துமுறைகளும் லத்தீனும் ஒரே குடும்பமா வரையப்பட்டவை. வளைவுகள் வட்டத்தைவிடச் சதுரத்துக்குப் பக்கம். இது வேரியபிள் ஃபான்ட்: தடிமன் 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை. அகலத்தை 75-க்கு இறக்கினா எழுத்து நசுங்காது. அது ஒடுக்கமாவே வரையப்பட்ட எழுத்து. ஓவியர் கை செஞ்ச வேலையை இப்போ ஒரு ஃபைல் செய்யுது, அதுவும் இலவசமா.

பலகைக்கும் தலைப்புக்கும் போஸ்டருக்கும் இது பொருந்தும். ஒரு நாவல் முழுக்க இதில் நான் கோர்க்க மாட்டேன். உயரப் பிரச்சினையும் இதால தீராது. அதுக்கு வழி வேற: பலகையின் அளவைக் குறிக்கும்போதே தமிழ்ப் பெயரை முதல்ல எழுதிப் பார்க்கணும், அப்புறம்தான் ஆங்கிலம். அந்த இருட்டுல நிற்கிறவர் தேடுறது தன் ஊர்ப் பெயரை. அது படிக்கிற மாதிரி இருக்கணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.