கரந்துறையும் பூச்சியும் லயத்து வாழ்வும்

மறைத்தல் எனப் பொருள்படும் 'கரப்பு' என்னும் சொல்லைத் திருக்குறள் பயின்ற மாணவர் அறிவர். கரப்பான் பூச்சிக்கு அமைந்த பெயரும் அப்பொருளுக்கு மிகவும் இசைந்ததே. பகலெல்லாம் சுவர் விரிசலிலும் அடுப்படி இடுக்கிலும் கரந்துறைந்து, விளக்கணைந்த பின் வெளிப்படும் இவ்வுயிர், தான் பிறந்த நாட்டையும் நெடுங்காலம் கரந்தே வைத்திருந்தது.

ஜொகூர் மாநிலத்து வீடுகளிலும் கடைகளிலும் தொல்லை தருவனவற்றுள் இரண்டு வகை குறிப்பிடத்தக்கவை. சாக்கடையில் வாழும் பெரிய கரப்பானை 'அமெரிக்கக் கரப்பான்' என்பர். அதன் தாயகமோ ஆப்பிரிக்கா. அடுப்படியில் பெருகும் சிறியதற்கு 1767ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் அறிஞர் ஜெர்மனியின் பெயரைச் சூட்டினார். அதுவும் பிழையான முகவரியே. 17 நாடுகளில் திரட்டிய 281 பூச்சிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, இவ்வினம் ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியன்மாரிலோ மனிதக் குடியிருப்பை ஒட்டித் தோன்றியது எனக் கூறுகிறது. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் அது மேற்காசியா சென்றது. ஏறத்தாழ 390 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பிய வணிகக் குழுக்களின் காலத்தில், கிழக்கே இந்தோனேசியத் தீவுகளை நோக்கிப் பரவியது. மனிதன் சரக்கு ஏற்றிய இடமெல்லாம் பூச்சியும் உடன் ஏறியது எனலாம்.

ஜொகூரின் வரலாறும் சரக்கின் வரலாறே. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரைகளில் மிளகும் காம்பியரும் பயிராயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் அவற்றின் இடத்தைப் பிடித்தது. 1909இல் இருப்புப்பாதை மாநிலத்தின் ஊடே ஓடியது. 1924இல் சிங்கப்பூரை இணைக்கும் கடற்பாலம் முறையாகத் திறக்கப்பட்டது. கங்காணிகள் திரட்டிய தமிழ்த் தொழிலாளர் பால்மரக் காடுகளுக்கு வந்தனர். அவர்களுக்குக் கிடைத்த உறைவிடம் லயம்.

நீண்ட ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாக அறைகள், இடையே பலகைத் தடுப்பு, முன்னே கால்வாய். இவ்வமைப்பில் ஒரு குடும்பம் எத்துணைத் துப்புரவாக இருந்தாலும் பயன் சிறிதே. ஒரு வீட்டில் மருந்திட்டால் பூச்சி பலகை இடுக்கின் வழியே அடுத்த வீட்டுக்குச் செல்லும். மருந்தின் வீரியம் தணிந்ததும் திரும்பி வரும். ஒரு தாய்ப்பூச்சி சுமக்கும் முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். ஆகவே எஞ்சிய சிலவே மீண்டும் ஒரு படையாகும். பூச்சி மிகுந்த வீட்டாரை அழுக்கர் என இகழ்ந்த உலகம், அவ்வீட்டைக் கட்டியவர் யார் என்று கேட்க மறந்தது.

மருந்தின் கதையும் படிப்பினை தருவதே. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் குளோர்டேன் என்னும் நச்சு கரப்பானுக்கு எதிராகப் பெரிதும் நம்பப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் டெக்சசில் அதற்கு மடியாத பூச்சிகள் தோன்றின. பின்னர் இனிப்புக் கலந்த நச்சிரை வந்தது. அவ்வினிப்பையே வெறுக்கும் கரப்பான்கள் உருவானதை 1993இல் அறிஞர் வெளியிட்டனர். தீபகற்ப மலேசியாவின் கரப்பான்களும் பல மருந்துகளை எதிர்த்து நிற்பதை 1990களின் ஆய்வுகள் காட்டின. இதனால் தெளிப்பு ஒன்றையே நம்புதல் தவறு என்பது உறுதிப்பட்டது. விரிசலை அடைத்தல், ஒழுகும் குழாயைச் செப்பனிடுதல், இரவில் உணவை மூடி வைத்தல், இடுக்குகளில் நச்சிரை இடுதல் ஆகியவை ஒருங்கே, அடுத்தடுத்த வீடுகள் அனைத்திலும் ஒரே வேளையில் நடைபெற வேண்டும்.

அரசும் இதில் தன் கடமையை உணர்ந்தது. தோட்டத் தொழிலாளர் உறைவிடத்தின் குறைந்த அளவுத் தரத்தை 1966ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம், துப்புரவற்ற உணவகத்தை 14 நாள் வரை மூடும் அதிகாரத்தை அளித்தது. 2019இல் திருத்தப்பெற்று 2020 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த வீடமைப்பு விதிகள், தோட்டத்தையும் சுரங்கத்தையும் கடந்து பிற தொழில்களின் விடுதிகளுக்கும் பொருந்துகின்றன. பாசிர் கூடாங், செனாய் போன்ற தொழில் வட்டாரங்களில் விடுதிகளில் தங்கி உழைக்கும் அயல்நாட்டினருக்கும் இது காப்பாகும்.

லயத்தில் பிறந்தோரின் மக்கள் பலர் இன்று நகரத்து அடுக்ககங்களில் வாழ்கின்றனர். அங்கும் சுவர்கள் பொதுவே, குழாய்களும் பொதுவே. தன் வீட்டுக் கதவை மட்டும் அடைத்துத் தப்பியவர் எவருமிலர். அன்று லயத்தில் தமிழன் மேல் விழுந்த இகழ்ச்சி, இன்று விடுதியில் வாழும் அயலான் மேல் விழாதிருக்க வேண்டும். கரப்பானை வெல்ல விரும்பும் சமுதாயம், அது கரந்துறையும் இருளை யார் கட்டினர் என்பதையும் கரவாது ஆராய்தல் வேண்டும்.