மெழுகு

வினையாக வந்தால் மண்ணோ சாணமோ குழைத்துப் பூசுவது. பெயராக வந்தால் தேனடையில் கிடைப்பது. தேனுக்குப் பேர்போன கொல்லிமலையில் இரண்டுமே புழக்கம். மெழுகிய இடத்தைப் பட்டினப்பாலை ‘மெழுக்கம்’ என்கிறது; வினைப்பொருள் அவ்வளவு பழசு.

மூங்கில் தட்டியில் விரற்கடை கனத்துக்கு அப்பிய களிமண் லேசில் தீயை உள்ளே விடாது. தானும் எரியாது, ஆவியும் கக்காது. ‘கிரிஹா’ போன்ற பசுமைக் கட்டட மதிப்பீடுகள் பெயின்ட்டில் தேடுவது இந்தப் பின்குணத்தைத்தான்: ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் குறைவாக இருக்கவேண்டும்.

மழைக்குக் கரையாத மண்பூச்சுக்கு ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் (சி.பி.ஆர்.ஐ.) கண்ட வழி, தாரை மண்ணெண்ணெயில் இளக்கிப் பாரஃபின் மெழுகும் சேர்ப்பது. மெழுகுவதற்கே மெழுகு! காயும்வரை மண்ணெண்ணெய் வாடை இருக்கும்; பசுமைக் கணக்கில் அது ஒரு குறைதான்.