கோலார் தங்கவயலில் காணத்தக்கவை

மெக்சிக்கோ நாட்டின் நடுவே, மலைகளின் மடியில், குவானஹுவாத்தோ என்றோர் ஊர் இருக்கின்றது. வெள்ளி எடுத்த ஊர். வலென்சியானா என்னும் சுரங்கத்தின் செல்வத்தால் 1788-இல் கட்டி முடிக்கப்பெற்ற தேவாலயத்தையும், அதனருகேயுள்ள சுரங்க வாயில்களையும் காண உலகெங்கணுமிருந்து மக்கள் வருகின்றனர். அவ்வூரையும் அதன் சுரங்கங்களையும் யுனெஸ்கோ நிறுவனம் 1988-இல் உலக மரபிடமாக ஏற்றது. சுரங்கத்தைக் காணவும் எவரேனும் பயணம் போவரோ என ஐயுறுவோர்க்கு இஃது விடையாகும். அத்தகைய ஊர் ஒன்று நமக்கும் உண்டு. அதுவும் நம்மவர் உழைப்பால் எழுந்த ஊர். புனேயிலிருந்து பெங்களூர் செல்லும் நம் குடும்பங்களுள் எத்தனை, மேலும் நூறு கிலோமீட்டர் கிழக்கே சென்று கோலார் தங்கவயலைக் கண்டிருக்கும்?

1802-இல் மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, இப்பகுதிச் சிற்றூரார் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து, நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிய மைக்கேல் லவல் என்பார் அக்குறிப்பைப் படித்து, மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை பெற்றார். பொருள் போதாமையால் அவரால் நெடுந்தொலைவு செல்ல இயலவில்லை. 1880-இல் இலண்டன் நகரத்து ஜான் டெய்லர் நிறுவனம் வந்த பின்னரே சுரங்கம் தழைத்தது.

தோண்டியவர் யாவர்? வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்தும் வந்தவரே மிகப் பலர். பஞ்சமும் தீண்டாமையும் துரத்த வந்தவர். மேட்டில் துரைமார் பங்களாக்கள் எழுந்தன. பள்ளத்தில் மூங்கில் தட்டிக் குடிசைகள் வரிசை வரிசையாக நின்றன. அவ்வரிசைகளுக்கு ‘லைன்’ என்று பெயர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் சென்றது. மகாராட்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய கல்சுபாய் 1,646 மீட்டரே என்பதை நினைவிற் கொண்டால் அவ்வாழம் விளங்கும். அடித்தளப் பாறையின் வெம்மை 60 பாகை செல்சியசைத் தாண்டும். அழுத்தம் தாங்காது பாறை தானே வெடித்துச் சிதறியதால் மாண்டோர் பலர். கல்தூளை மூச்சில் ஏற்று நுரையீரல் கெட்டு மெல்ல மாய்ந்தோர் அதனினும் பலர். இவ்வாறு நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த பொன் சுமார் 800 டன் என்பர்.

இன்று அங்குச் செல்வோர் முதலிற் காண்பவை, கிணறுகளின்மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள். ஆட்களைக் கூண்டில் வைத்து இறக்கிய கோபுரங்கள் அவை. சுரங்கத்துள் இறங்க இனி இயலாது, நீர் நிறைந்துவிட்டது. அடுத்து, பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண்ணால் ஆன சயனைடு மேடுகள். மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட மண் குன்றுகளாகக் கிடக்கின்றது. காற்று வீசும் நாளில் அத்தூசி வீடுகளுக்குள் புகும். 2018-இல் வெளிவந்த கன்னடத் திரைப்படம் ஒன்று இவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. ஊரின் வரலாற்றை அதில் தேடுதல் வீண்.

கண்ணுக்குப் புலனாகாத சிறப்புகளும் உள. 1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து சுமார் 92 மைல் கம்பி வழியே மின்சாரம் இங்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். 1965-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞருடன் கூடி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை நிறுவி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அவை கண்டறியப்பட்டன. உலகில் இவ்விரு சுரங்கங்களுக்கே அம்முதன்மை உரியது.

இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது மாரிக்குப்பம். அயோத்திதாசப் பண்டிதர் தோற்றுவித்த தென்னிந்திய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றின. பகலெல்லாம் பாறை உடைத்தவர் மாலையிற் கூடிப் படித்தனர், விவாதித்தனர். பண்டிதர் சென்னையில் 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் இங்கிருந்தும் வெளிவந்தது. சாதியற்ற தமிழர் என்னும் கொள்கையைப் பேணி வளர்த்த களங்களுள் இத்தொழிலாளர் குடியிருப்பும் ஒன்று. 1930-இல் விரல்ரேகை பதியுமாறு நிறுவனம் இட்ட கட்டளையை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும். குற்றவாளியென ரேகை வைப்பதோ என்பதே அவர்தம் சினம்.

சுற்றுலா வழிகாட்டிகள் காட்டுவது வேறு. கம்மசந்திரத்துக் கோடிலிங்கேசுவரர் கோயிலுக்குப் பேருந்து பேருந்தாக மக்கள் வருகின்றனர். 108 அடி இலிங்கத்தைக் கண்டு, தங்கவயலை எட்டிப் பாராமலே திரும்பிவிடுகின்றனர். பாலாற்று நீரைத் தேக்கி ஊருக்கு அளித்த பேத்தமங்கலம் ஏரி மாலைப் பொழுதுக்கு ஏற்றது. ஆவணியில் நுளம்பர் காலத்துக் கோயில்கள் உள்ளன. கோலார் நகரத்துக் கோலாரம்மன் கோயிலை மட்டும் தவறவிடலாகாது. அதன் சுவர்களில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. குவளாலம் என்பது அன்று அவ்வூரின் பெயர்.

1956-இல் மைசூர் அரசுடைமையாகிப் பின்னர் நடுவண் அரசின் கைக்குச் சென்ற சுரங்கங்கள், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் பல, லைன் வீடுகளைவிட்டு இன்னும் பெயரவில்லை. அவர்தம் மக்கள் விடியுமுன் மாரிக்குப்பம் நிலையத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் மீள்கின்றனர். நாம் தங்கவயல் செல்லவும் அதே பாதைதான். பங்காருப்பேட்டையில் கிளை பிரியும்.