கணினி போட்ட தப்புக்குறி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தி கணினி முன்னால் உட்கார்ந்து கண் கலங்கிவிட்டாள். பைத்தான் படிக்கிறாள். பாடம் டியூப்பிள். பல மதிப்புகளை வரிசை மாறாமல் ஒன்றாகக் கட்டி வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். "7 மட்டும் உள்ள டியூப்பிள் எழுது" என்ற கேள்விக்கு (7) என்று எழுதியிருந்தாள். "5, 9, 3 ஆகியவற்றில் பெரியதையும் சிறியதையும் டியூப்பிளாகத் தா" என்றதற்கு (9, 3) வந்தது. இரண்டுக்கும் கணினி "தவறு" என்றது.

மகன் வந்து பார்த்தான். முதலாவது அவள் தப்புதான். பைத்தானில் வெறும் அடைப்புக்குறி போட்டால் டியூப்பிள் ஆகாது, காற்புள்ளி வேண்டும். (7,) என்று எழுதினால்தான் டியூப்பிள். (7) வெறும் எண். இரண்டாவதில் விடைக்குறிப்பு (3, 9) என்று இருந்திருக்கிறது. டியூப்பிளில் வரிசை மாறினால் வேறு விடை. கேள்வி ஒரு வரிசை, விடைக்குறிப்பு வேறு வரிசை. தப்பு கேள்வி தயாரித்தவருடையது.

இயந்திரம் விடை திருத்தும் கதை பழையது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ரெனால்ட் ஜான்சன் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். பென்சில் கோட்டில் மின்சாரம் பாயும் என்பதை வைத்து விடைத்தாள் திருத்தும் இயந்திரம் செய்தார். ஐபிஎம் நிறுவனம் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டு, 1930களின் கடைசியில் ஐபிஎம் 805 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. திருத்தும் பாரம் தெரிந்த ஒரு வாத்தியார் செய்தது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்!

ஆனால் அது கறுப்பு வைத்த கட்டத்தை மட்டுமே பார்க்கும். மாணவர் எழுதிய நிரலைத் திருத்துவது வேறு வேலை. அமெரிக்காவின் ரென்சலர் கல்லூரியில் ஹாலிங்ஸ்வொர்த் என்பவர் அதைச் செய்து 1960இல் கட்டுரை எழுதினார். மாணவர்கள் துளை அட்டைகளில் நிரல் தருவார்கள். திருத்தும் நிரல் அதை ஓடவிட்டு, வந்த விடையை ஒப்பிடும். 1965இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபோர்சைத்தும் விர்த்தும் அல்கால் மொழிக்கு இதுபோலவே செய்து எழுதினார்கள். பைத்தான் 1991இல்தான் வெளிவந்தது. இன்று பேத்தியின் விடையைத் திருத்துவதும் அதே முறைதான்: ஓடவிடு, எதிர்பார்த்ததோடு ஒப்பிடு. எதிர்பார்த்தது சரியா என்று மட்டும் அதற்குப் பார்க்கத் தெரியாது.

இதை நினைத்தபோது எனக்கே சுருக்கென்றது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "பெருக்கினால் 24 வரும் இரண்டு எண்களை எழுது" என்று நானே எடுத்த கேள்வி. என் விடைக்குறிப்பில் 4, 6. ஒரு பையன் 3, 8 என்று எழுதியிருந்தான். தூக்கக் கலக்கத்தில் தப்புக்குறி போட்டுவிட்டேன். இன்னொரு பிள்ளையின் தாளில் 2, 12 என்று பார்த்த பிறகுதான் உறைத்தது. அவன் மதிப்பெண்ணைத் திருத்தினேன். ஆனால் தாளை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றவனிடம், "தப்பு என்னுடையதுப்பா" என்று சொல்லவில்லை. டீச்சர் தப்பை ஒத்துக்கொள்ளக் கூடாது என்று அப்போது ஒரு வறட்டு எண்ணம்.

ஐம்பது நோட்டு திருத்திக் கை வலித்தவள் நான். இயந்திரம் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். காற்புள்ளி விட்டதை அது நொடியில் பிடிக்கிறது, முகம் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. ஆனால் அந்தத் தப்புக்குறிக்குப் பின்னால் விடைக்குறிப்பு எழுதிய ஒரு மனிதர் இருக்கிறார். பிள்ளை "ஏன் தப்பு?" என்று கேட்டால் பதில் சொல்ல அவர் இருக்க வேண்டும். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், சிலர் மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். இதை மனதில் வையுங்கள்.

அந்த 3, 8 எழுதிய தம்பி இதைப் படித்தால்: உன் விடை சரிதான்ப்பா. தப்பு டீச்சருடையது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்