கிண்ணத்தில் எழும் குமிழி

நத்தார் ஒன்றுகூடல்களில் பானம் கலக்கும் பொறுப்பு எங்கள் வீட்டில் என்னுடையது. தோடம்பழச் சாறு, சீனிப்பாகு, சிறிது இஞ்சிச் சாறு. பரிமாறும் வேளையில்தான் குளிர்ந்த சோடா. முன்னரே ஊற்றினால் குமிழி அடங்கிவிடும்.

அந்தக் குமிழிக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதபோதகராயிருந்தவர் ஜோசப் பிறீஸ்ற்லி. அயலிலிருந்த பியர் காய்ச்சும் ஆலையில், நொதிக்கும் தொட்டிகளின் மேல் ஒருவகை வாயு தங்கி நிற்பதை அவர் கண்டார். 1767இல் அதனிடையே இரு பாத்திரங்களில் நீரை மாற்றி மாற்றி ஊற்றி, வாயுவை நீரிற் கரைத்தார். 1772இல் சுண்ணக்கட்டியும் கந்தக அமிலமும் கொண்டு அதைச் செய்யும் முறையைச் சிறுநூலாக வெளியிட்டார். பணத்துக்காக அல்ல, கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் அதனால் தீருமென நம்பினார்.

நம்பிக்கை பொய்த்தது. தோடை, எலுமிச்சை இனப் பழங்களே அந்நோயைத் தீர்க்குமென ஜேம்ஸ் லிண்ட் 1747இலேயே கப்பலொன்றிற் சோதித்துக் காட்டியிருந்தார். சோடாவை வணிகமாக்கியவரும் வேறொருவர்: 1783இல் ஜெனீவாவில் ஷ்வெப்.

பிறீஸ்ற்லிக்குக் கிடைத்தது வேறு. 1791இல் பேர்மிங்ஹாமில் பிரெஞ்சுப் புரட்சியின் ஆண்டு நிறைவுக்கு ஒரு விருந்து நடந்தது. அதையடுத்துக் கிளர்ந்த கும்பல், விருந்துக்கே போகாத அவருடைய வீட்டையும் நூல்களையும் ஆய்வுகூடத்தையும் அழித்தது. 1794இல் அவர் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். வீடும் நூலும் எரிவதன் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தோடம்பழச் சாற்றின் மேல் சோடாவை ஊற்றும்போதெல்லாம், அவர் தேடிய மருந்தும் அவர் தந்த குமிழியும் ஒரே கிண்ணத்திற் சேர்வதைப் பார்க்கிறேன்.