லேசர் செய்யப்போகும் தம்பிமாருக்கு ஒரு சரித்திரப் பாடம்

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இப்போது கலியாண வயதில் இருக்கிறார்கள். முதுகு, நெஞ்சு, தோள் முடியை லேசரால் எடுக்கலாமா, எங்கே எடுப்பது நல்லது என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். ஏதாவது ஒரு விளம்பரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "சேர், இது உண்மையா?" என்கிறார்கள். விளம்பரங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான். வலி இல்லை, ஆபத்து இல்லை, திரும்ப முளைக்காது.

நான் வைத்தியர் அல்ல, சரித்திரம் படிப்பிக்கிறவன். ஆனால் இந்த மூன்று வாக்குறுதிகளும் பழையவை. அவற்றை நம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. "ஆம்பிளைக்கு எதற்கு இந்த வேலை?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு. ஆண்கள் உடம்பு முடியை அகற்றுவது நேற்று வந்த நாகரிகம் இல்லை. பண்டைய எகிப்தின் கோயில் குருமார் ஒன்றுவிட்ட ஒரு நாள் உடம்பு முழுவதும் மழித்துக்கொண்டார்கள் என்று கிரேக்கரான ஹெரொடோட்டஸ் எழுதியிருக்கிறார். ரோமாபுரியின் பொதுக் குளிப்பறைகளில் முடி பிடுங்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். தத்துவஞானி செனெக்கா ஒரு குளிப்பறைக்கு மேல் மாடியில் குடியிருந்தபோது, அந்தத் தொழிலாளி ஆள் பிடிக்கப் போடும் கூச்சல் தாங்க முடியவில்லை என்று கடிதம் எழுதினார். அவன் வாய் மூடுவது ஒருவரின் அக்குளில் கை வைக்கும்போது மட்டும்தானாம். அப்போது கத்துவது வாடிக்கையாளர். அகஸ்டஸ் சீஸர் கால் முடி மென்மையாக வளர வேண்டும் என்று சுட்ட வால்நட் கோதுகளால் அதைப் பொசுக்குவார் என்று அவருடைய எதிரிகள் கதை கட்டினார்கள். அன்றும் இதைச் செய்தவர்கள் இருந்தார்கள், கேலி செய்தவர்களும் இருந்தார்கள்.

நமக்கு இது புதிதே அல்ல. அக்குள் முடியையும் மறைவிட முடியையும் நாற்பது நாளுக்கு மேல் விடக்கூடாது என்பதை மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். அரபு நாடுகளிலும் உஸ்மானிய ஆட்சிப் பகுதிகளிலும் ஹம்மாம்களில் இதற்கென்றே "நூரா" என்ற பசை இருந்தது. சுட்ட சுண்ணாம்பும் அரிதாரமும் சேர்த்துத் தண்ணீரில் குழைப்பது. பூசிச் சில நிமிடங்களில் முடி கூழாகி வழிந்துவிடும். 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய நாட்டுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் பியர் பெலோன் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த கனியம். சுண்ணாம்பின் சூடு வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு நிமிடம் கூடினாலும் தோல் வெந்துவிடும். ஆனாலும் நூராவில் மறைவு எதுவும் இல்லை. அது சுடும் என்று பூசுகிறவருக்கும் தெரியும், பூசப்படுகிறவருக்கும் தெரியும். எப்போது கழுவ வேண்டும் என்று ஹம்மாம்காரருக்குக் கைப்பழக்கம் இருந்தது.

சுடுவதே தெரியாத முறை அதற்குப் பிறகுதான் வந்தது.

1895 நவம்பரில் ஜெர்மனியில் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஜோன் டேனியல் என்ற பேராசிரியர், தன்னோடு வேலை செய்த ஒருவரின் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். மூன்று வாரத்தில் கதிர் பட்ட இடத்தில் முடி உதிர்ந்து வழுக்கை விழுந்தது. அதே 1896இல் வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ரொய்ண்ட் என்ற வைத்தியர், முதுகில் முடி அடர்ந்த பெரிய மச்சம் இருந்த ஒரு சிறுமிக்கு இந்தக் கதிரை வேண்டுமென்றே பாய்ச்சினார். முடி உதிர்ந்தது. பின்னர் அந்த இடத்தில் ஆழமான புண்ணும் வந்தது. முடி உதிர்ந்தது மட்டும் பலருடைய கண்ணில் பட்டது.

1920களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கைச் சேர்ந்த அல்பர்ட் கெய்ஸர் என்ற வைத்தியர் "ட்ரிக்கோ" என்ற எக்ஸ் கதிர் மெஷினைக் கொண்டுவந்தார். அது அமெரிக்கா, கனடா நகரங்களின் அழகு நிலையங்களுக்கு வாடகைக்குப் போனது. அதை இயக்கியவர்கள் வைத்தியர்கள் அல்லர், இரண்டு வாரப் பயிற்சி பெற்றவர்கள். நாகரிகமான பெட்டிக்கு முன்னால் சில நிமிடம் உட்கார்ந்தால் போதும். வலி இல்லை, சூடு இல்லை. சில வாரத்தில் முகத்து முடி கொட்டிவிடும். வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

வாடிக்கையாளரிடம் "எக்ஸ் கதிர்" என்ற பெயரைச் சொல்வதை இந்தத் தொழிலில் இருந்த பலர் தவிர்த்தார்கள். கதிரின் ஆபத்து அப்போதே வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் கேட்க இனிமையான வேறு பெயர்களை வைத்தார்கள்.

சில ஆண்டுகளில் தோல் சுருங்கியது, தடித்தது, புண்ணானது. 1929இல் அமெரிக்க வைத்தியர் சங்கத்தின் சஞ்சிகை எச்சரித்தது. 1930களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் மறைந்தது. புற்றுநோய்கள் அதற்குப் பிறகு வந்தன, பத்து இருபது வருடம் கழித்து வந்தவையும் உண்டு. பெண்களுக்குக் கதிர்வீச்சால் வந்த புற்றுநோய்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை முடி அகற்றப்போன இடத்தில் வாங்கியவை என்று 1970இல் நியூயோர்க் வைத்தியர்கள் கணித்தார்கள்.

அதே காலத்தில் "கொரெம்லு" என்றொரு கிரீமும் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது தாலியம், அந்தக் காலத்தில் எலிப் பாஷாணத்தில் போட்ட நஞ்சு. சிலருக்குக் கால் விளங்காமல் போனது, சிலருக்குக் கண் போனது. 1938இல் அமெரிக்கா அழகுசாதனங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு இப்படியான கேடுகளும் ஒரு காரணம்.

இனி லேசர். பயப்பட வேண்டாம், லேசர் எக்ஸ் கதிர் அல்ல. அது ஒளிதான், எக்ஸ் கதிரைப்போல் புற்றுநோயை உண்டாக்கும் கதிர்வீச்சு இல்லை. ஆனால் அதன் பிறப்பிலேயே எமக்குச் சம்பந்தமான ஒரு விடயம் இருக்கிறது. இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

1960இல் மைமன் முதலாவது ரூபி லேசரை இயக்கினார். சில ஆண்டுகளிலேயே சின்சினாட்டி தோல் வைத்தியர் லியோன் கோல்ட்மன், அந்தச் சிவப்பு ஒளி கறுத்த முடியைத் தேடிச் சுடுவதைக் கண்டார். 1983இல் பொஸ்டனில் அண்டர்சனும் பரிஷும் அதன் கணக்கை எழுதினார்கள். முடிக்குக் கறுப்பு நிறம் கொடுப்பது மெலனின். மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. சரியான அலைநீளத்தில், சரியான அளவு நேரம் ஒளியைப் பாய்ச்சினால் முடியின் வேர் வேகும், சுற்றியுள்ள தோல் தப்பும்.

ஆனால் தோலுக்கு நிறம் கொடுப்பதும் அதே மெலனின்தான்.

வெள்ளைத் தோலில் கறுத்த முடி என்றால் ஒளிக்கு ஒரே இலக்கு. எங்களுடைய தோலில் இரண்டு இலக்கு. 1996இல் வெளிவந்த பொஸ்டன் ஆய்வில் 13 பேரின் முதுகிலும் தொடையிலும் ரூபி லேசரைப் பரீட்சித்தார்கள். ஆறு மாதத்தின் பின் நான்கு பேருக்கு முடி பாதிக்கும் குறைவாகவே திரும்ப வந்திருந்தது. அவர்கள் வெளிர் தோல்காரர்கள். இன்று கிளினிக்குகளில் தோலை 1 முதல் 6 வரை வகைப்படுத்துகிறார்களே, அதை 1975இல் ஃபிட்ஸ்பட்ரிக் என்ற வைத்தியர் தொடங்கியபோது அதில் நான்கு வகைதான் இருந்தது. அது வெள்ளையர்களுக்குப் புற ஊதாச் சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்கச் செய்த பட்டியல். மண்ணிறத் தோலும் கறுப்புத் தோலும் 5, 6 என்று பிறகுதான் சேர்க்கப்பட்டன. எங்களில் அதிகமானோர் 4, 5இல் வருகிறோம்.

ஆகவே "லேசர் நல்லதா?" என்று கேட்காதீர்கள், "எந்த லேசர்?" என்று கேளுங்கள். ரூபி 694 நனோமீற்றர், எங்களுக்குப் பொருந்தாது. அலெக்ஸாண்ட்ரைட் 755, வெளிர் தோலுக்கு மிக நல்லது, எங்களுக்குச் சுடும் ஆபத்து கூட. டயோட் 800 முதல் 810, நல்ல குளிரூட்டலும் அனுபவமுள்ள கையும் இருந்தால் மாநிறத்துக்குச் செய்யலாம். என்டி யாக் 1064, ஆழமாகப் போகும், மேல்தோலின் மெலனினில் குறைவாகவே சிக்கும். கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது இதுதான். கொஞ்சம் கூடுதலாக வலிக்கும், மெல்லிய முடியில் பலன் குறைவு.

ஐபிஎல் என்பது லேசரே அல்ல. பல அலைநீளங்கள் கலந்த பளிச்சென்ற விளக்கு. அதையும் "லேசர்" என்று போர்ட் போட்டு விற்கும் இடங்கள் உண்டு. மெஷினின் பெயரைக் கேட்டால் மழுப்புகிற இடத்தில் எனக்கு ட்ரிக்கோதான் ஞாபகம் வரும். பிழையான மெஷின் பட்டால் கொப்புளம் வரும், பிறகு கறுப்புத் தழும்போ வெள்ளைத் திட்டோ மாதக்கணக்கில் நிற்கும்.

"நிரந்தரம்" என்ற சொல்லுக்கும் கதை உண்டு. 1995இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ அனுமதித்த முதலாவது லேசர் முறையில், கரித்தூள் கரைசலைப் பூசி லேசர் அடித்தார்கள். முடி சில மாதத்தில் திரும்பி வந்தது. பின்னர் வந்த நல்ல மெஷின்களுக்கும் அந்த நிறுவனம் கொடுத்த சொல் "நிரந்தரக் குறைப்பு". நிரந்தர அகற்றல் அல்ல. இளந்தாரிகளுக்கு இன்னொரு விடயம். ஆண்களின் முதுகிலும் தோளிலும் ஓர்மோனின் தூண்டுதலால் 30, 40 வயதிலும் புது முடி கிளம்பும். 22 வயதில் சுத்தம் செய்த முதுகு அப்படியே இருக்கும் என்று எவராலும் எழுதித் தர முடியாது. இன்னும் விசித்திரம், சிலருக்கு லேசரோ ஐபிஎல்லோ பட்ட இடத்தைச் சுற்றி முடி கூடுகிறது. இது எங்களைப் போன்ற தெற்காசியருக்கும் மத்திய கிழக்கினருக்கும் கூடுதலாக நடக்கிறது. ஆண்களில் தோளும் மேல் முதுகும்தான் அதற்குப் பேர் போன இடம்.

அழகுக்காக மட்டும்தான் இது என்று நினைக்கவும் வேண்டாம். இரண்டாம் உலக யுத்தத்தில் 80,000க்கு அண்மித்த அமெரிக்கச் சிப்பாய்கள் "ஜீப் நோய்" என்று பெயர் வைக்கப்பட்ட ஒன்றுக்காக வைத்தியசாலையில் கிடந்தார்கள். பிட்டங்களுக்கு இடையில், முதுகெலும்பு முடியும் இடத்தில் முடி தோலுக்குள் புகுந்து சீழ் வைக்கும் நோய். குலுங்கும் வாகனத்தில் நாள் முழுக்க இருந்த முடி அடர்ந்த வாலிபர்களைத்தான் அது அதிகம் பிடித்தது. எங்கள் ஊரில் த்ரீவீல் ஓடுகிற, லொறி ஓடுகிற தம்பிமார் வெட்கத்தில் உம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கும் வருத்தம் இதுவாக இருக்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பின் அது திரும்ப வராமல் இருக்க அந்த இடத்து முடியை லேசரால் எடுப்பது உண்டு. சவரம் செய்தால் தாடியிலும் பிடரியிலும் பருப் பருவாகக் கிளம்புகிறவர்களுக்கும் என்டி யாக் உதவுகிறது. இவை சலூனுக்குப் போகும் விடயங்கள் அல்ல, தோல் வைத்தியரிடம் போக வேண்டியவை.

போவதென்று முடிவு எடுத்தவர்கள் மெஷினின் பெயரையும் அலைநீளத்தையும் கேளுங்கள். உங்கள் நிறத்தவருக்குச் செய்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். முதலில் ஒரு சிறு இடத்தில் அடித்து, சில நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பேரின் கண்ணுக்கும் கண்ணாடி வேண்டும். வெக்ஸ் பண்ணிவிட்டுப் போனால் வேரே இருக்காது, ஒளி எதைச் சுடுவது? சவரம் செய்துவிட்டுப் போங்கள். வெயிலில் கிரிக்கெட் விளையாடிக் கறுத்த கையோடு போகாதீர்கள். பரு மாத்திரை எடுக்கிறவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். நரை முடிக்கு லேசர் வேலை செய்யாது, அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். வளரும் பருவத்தில் உள்ள முடிதான் சாகும் என்பதால் ஆறு எட்டுத் தடவை, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் போக வேண்டி வரும். முழுப் பணத்தையும் முதல் நாளே கேட்கும் பெக்கேஜ் என்றால் சிறு இடத்துப் பரீட்சை முடியும்வரை காசைக் கொடுக்க வேண்டாம்.

அவ்ரத்தான பகுதிகளைப் பற்றி இன்பொக்ஸில் கேட்கிறவர்கள் உலமாக்களிடம் கேளுங்கள், அது என் பாடம் அல்ல. எந்தக் கிளினிக் என்றும் கேட்காதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். இங்கே எழுதியவற்றில் விளங்காதது இருந்தால் கொமெண்டில் கேளுங்கள், இஷாவுக்குப் பிறகு பதில் போடுகிறேன்.