கோரேயின் கதவும் கப்பல் கணக்கும்

செனகல் நாட்டைச் சுற்றிக் காட்டும் பாரம்பரியப் பயணம் எதுவானாலும் அதில் கோரே தீவு இடம்பெறாமல் இருப்பது அரிது. டக்கார் துறைமுகத்திலிருந்து படகில் இருபது நிமிடம். மொத்தப் பரப்பு 28 ஹெக்டேர்தான். யுனெஸ்கோ 1978இல் முதன்முதலாக அறிவித்த பன்னிரண்டு உலகப் பாரம்பரிய இடங்களில் இதுவும் ஒன்று. கரை இறங்கியதும் வழிகாட்டி கூட்டிப்போவது அடிமைகள் மாளிகைக்கு. முற்றத்திலிருந்து இருபுறமும் வளைந்தேறும் படிக்கட்டு. அதன் கீழே இருட்டறைகள். அவற்றின் நடுவே ஓர் இடைவழி. அது முடிகிற இடத்தில் கடலைப் பார்த்த ஒரு வாசல். திரும்பா வாசல் என்பது அதன் பெயர். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அடிமைகள் கடைசியாகக் கடந்த நிலைப்படி இதுவே என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. மண்டேலா 1991இல் இங்கு வந்தார். 1992இல் போப் இரண்டாம் ஜான் பால் இத்தீவில் நின்று மன்னிப்பு வேண்டினார். ஒபாமா 2013இல் வந்தார்.

அந்த வாசல் வழியே போனவர்கள் எத்தனை பேர்? 1960களிலிருந்து 2009இல் இறக்கும்வரை இந்த மாளிகையின் காப்பாளராக இருந்தவர் ஜோசப் என்தியாய். கையால் எழுதிய வாசகங்களைச் சுவரில் மாட்டி, இரும்பு விலங்குகளைக் கையில் தூக்கிக் காட்டி, வந்தவர்களை அழவைத்தவர். அவர் சொன்ன கணக்கு கோடியைத் தாண்டியது. அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று தேடத் தொடங்கியபோது, எண்ணுக்கு முன்னால் வேறொரு முரண் கண்ணில் பட்டது.

டச்சுக்காரர்கள் இந்த வீட்டை 1776இல் கட்டினார்கள் என்று பழைய பயணக் கையேடுகள் பலவும் எழுதுகின்றன. ஆனால் டச்சுக்காரர்கள் கோரேயை இழந்தது 1677இல், பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெஸ்த்ரேயிடம். தீவை விட்டுப் போய் ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அவர்கள் எப்படி அங்கே வீடு கட்டியிருக்க முடியும்? ஆண்டு தவறா, ஆள் தவறா? ஆய்வாளர்கள் ஆண்டை ஏறக்குறைய ஏற்று, ஆளை மாற்றுகிறார்கள். கட்டியவர் நிக்கோலா பெப்பன் என்ற தீவுவாசி. இவருடைய சகோதரி ஆன் பெப்பன் ஒரு சின்யார். ஐரோப்பிய வணிகர்களோடும் அதிகாரிகளோடும் உள்ளூர் முறைப்படி மணவாழ்வு நடத்தி, சொத்தும் வணிகமும் தம் பெயரிலேயே வைத்திருந்த பெண்கள் சின்யார்கள். பெரும்பாலும் கலப்பு மரபினர். 1785 முதல் 1787 வரை செனகலின் ஆளுநராக இருந்த செவாலியே த பூஃப்லேரின் துணைவி என்று ஆன் பெப்பனை வரலாறு நினைவு வைத்திருக்கிறது.

அடுத்த தடயம் ஓர் ஓவியம். தஸ்த்ரெல் என்ற பிரெஞ்சு அதிகாரி 1839இல் கோரேயில் வரைந்தது. அதன் தலைப்பு 'அன்னா கோலாவின் வீடு'. அன்னா கோலா நிக்கோலாவின் மகள். அடிமைகள் மாளிகை என்று இன்று காட்டப்படும் வீட்டோடுதான் இந்தப் படத்தை ஆய்வாளர்கள் பொருத்துகிறார்கள். ஆக, அது வணிகக் கம்பெனியின் கிடங்கோ கோட்டைச் சிறையோ அல்ல. வசதி படைத்த ஒரு குடும்பத்தின் இல்லம். மேல்தளத்தில் குடியிருப்பு, கீழ்த்தளத்தில் சரக்கு. இவ்வளவு சின்ன வீட்டிலிருந்து கோடிப் பேர் கப்பலேறினார்கள் என்பதை நம்புவது கடினம்.

வாசலைப் பற்றியும் சந்தேகம் எழுகிறது. அதற்கு வெளியே இருப்பவை பாறைகள். தீவில் படகு அணைவதற்குத் தோதான, காற்றடங்கிய வளைகுடா ஒன்று இருக்கும்போது, சரக்காகக் கருதிய மனிதர்களைப் பாறைமேல் ஏற்றி இழக்க எந்த வியாபாரியும் துணிந்திருக்கமாட்டான். இது ஊகம்தான், ஆனால் இடத்தை நேரில் பார்த்தவர்களால் தள்ளிவிட முடியாத ஊகம்.

இனி எண். பிலிப் கர்ட்டின் 1969இல் வெளியிட்ட கணக்கெடுப்பு நூல், அட்லாண்டிக் அடிமை வணிகம் முழுவதிலும் கரை சேர்ந்தவர்கள் சுமார் 95 லட்சம் என்று மதிப்பிட்டது. அதன்பிறகு பல நாட்டு ஆவணக் காப்பகங்களின் கப்பல் பதிவேடுகளைத் திரட்டி உருவான தரவுத்தளத்தில் இன்று சுமார் 36,000 பயணங்கள் உள்ளன. அதன் மதிப்பீட்டில் ஆப்பிரிக்காவில் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1.25 கோடி, உயிரோடு இறங்கியோர் 1.07 கோடி. செனகலும் காம்பியாவும் அடங்கிய செனகாம்பியக் கரையிலிருந்து போனவர்கள் சுமார் 7.5 லட்சம். கோரேயின் பங்கு என்று ஆய்வாளர்கள் சொல்வது ஏறக்குறைய 33,000. அங்கோலாவின் லுவாண்டா ஒன்றிலிருந்தே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏற்றப்பட்டார்கள். ஆப்பிரிக்கக் கரையின் மிகப் பெரிய அடிமை வணிக மையம் என்று யுனெஸ்கோ குறிப்பு கோரேயை வருணிப்பதை இந்தக் கணக்கு தாங்காது.

ஆனால் 33,000 என்பதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏறிய துறையைக் குறிக்காமல் 'செனகாம்பியா' என்று பொதுவாக எழுதிவிட்ட பயணங்கள் நிறைய. போர்த்துக்கீசியரின் தொடக்ககாலப் பதிவுகளில் ஓட்டைகள் அதிகம். எண் ஏறலாம். எவ்வளவு ஏறினாலும் கோடியாகாது, லட்சங்களைத் தொடுவதுகூடச் சந்தேகம்.

அப்படியானால் கதை எப்படிப் பிறந்தது? பிரெஞ்சு ஆட்சியின் கடைசிக் காலத்தில் தீவில் வாழ்ந்த கடற்படை மருத்துவர் பியர் ஆந்த்ரே கரியூவிடமிருந்து அது தொடங்கியதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். என்தியாய் அதற்குக் குரல் கொடுத்தார். டக்காரில் உள்ள ஈஃபான் ஆய்வு நிறுவனத்தின் அப்துலாய் கமாரா, பாதிரியார் த பெனுவா ஆகியோரின் கருத்துகளோடு 'லெ மோந்த்' நாளிதழ் 1996 டிசம்பரில் இந்தச் சந்தேகங்களை எழுதியபோது பெரும் சினம் எழுந்தது. அடிமை வணிகத்தையே மறுக்கப் பார்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு வந்தது. மறு ஆண்டே கருத்தரங்கு கூட்டினார்கள். அதன் கட்டுரைகளைத் தொகுத்தவர் ஜிப்ரில் சாம்ப். அந்தச் சினத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எண்ணைக் குறைத்தால் குற்றமும் குறையும் என்று வாதாட ஆள் எப்போதும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஆவணம் வேறு பக்கம் கைகாட்டியது. பதினெட்டாம் நூற்றாண்டின் குடிக்கணக்குகள் கோரேயின் அடிமைகளை இரண்டாகப் பிரிக்கின்றன. 'கப்தீஃப் த த்ரேத்' என்போர் விற்பனைக்காகக் கொண்டுவந்து, கப்பல் வரும்வரை வைத்திருந்தவர்கள். 'கப்தீஃப் த காஸ்' என்போர் வீட்டோடு வேலைக்கு இருந்த அடிமைகள். தீவில் வாழ்ந்தவர்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாம் வகையினர். தானியம் இடித்தவர்கள், துணி வெளுத்தவர்கள், கல் உடைத்தவர்கள், படகு ஓட்டியவர்கள். அவர்களின் உடைமைக்காரர்களில் முன்னணியில் நின்றவர்கள் சின்யார்கள். அந்த அடிமைகள் ஓட்டி வணிகத்துக்குப் போன படகுகளில் இரும்புக் கட்டி, சாராயம், துப்பாக்கி ஆகியவற்றோடு சோழமண்டலக் கரையின் நீலத் துணியும் போனது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் ஒரே காலத்தில் புதுச்சேரியும் இருந்தது, கோரேயும் இருந்தது.

அடிமைகள் மாளிகையின் கீழ்த்தள அறைகளை வீட்டு அடிமைகள் பற்றிய இந்தக் கணக்கின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. கப்பலுக்குக் காத்திருந்த சிலர் அவற்றில் அடைபட்டிருக்கலாம். அதற்கு நேர்ச் சான்று இல்லை. இத்தகைய வீடுகளிலேயே உழைத்து வாழ்ந்த அடிமைகள் இருந்தார்கள் என்பதற்கோ தீவின் கணக்குகள் முழுவதும் சான்று. சுற்றுலா வாசலைக் காட்டுகிறது. வீட்டு அடிமைகளை அவசரமாகக் கடந்துபோகிறது. கடல் தாண்டிப் போனவர்களுக்கு வாரிசுகள் வந்து அழுகிறார்கள். தாண்டாமல் இங்கேயே இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் டக்கார் தெருக்களில் நடமாடுகிறார்கள். வீட்டு அடிமைகளைப் பற்றிய பேச்சு அவ்வளவு எளிதல்ல.

பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை 1848 ஏப்ரல் 27 அன்று ஒழித்தது. 1849 ஏப்ரல் 30இன் சட்டம் இழப்பீடு வழங்கியது. அதற்காகத் தயாரான பட்டியல்களைப் பிரெஞ்சு தேசிய அறிவியல் ஆய்வு மையத்தினர் 2021இல் இணையத்தில் யாரும் பார்க்கும்படி திறந்துவைத்தார்கள். செனகலின் உடைமைக்காரர்களும் அதில் உண்டு. கோரேக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பணம் பெற்றவர்கள் உடைமைக்காரர்கள்; விடுதலை பெற்றவர்களுக்கு அந்தச் சட்டம் ஒரு பிராங்கும் கொடுக்கவில்லை.